சுங்கை சிப்புட்டில் புரட்டாசி சனி

அக்டோபர் 3, 2024, வியாழன்

கோலாலம்பூரில் அலுவலக வேலை நேற்றோடு முடிந்தது, திரும்பும் விமானம் திங்கட்கிழமை. நடுவில் கிடைத்த நாட்களுக்கு லங்காவி போ, கெந்திங் மலைக்குப் போ என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அம்மா மட்டும் புதுக்கோட்டையிலிருந்து போன் போட்டு, "சுங்கை சிப்புட் சித்தியைப் பார்க்காம வந்தே, வாசல்லயே நிக்க வைப்பேன்" என்றார். சுங்கை சிப்புட் மலேசியாவில் ஈப்போவுக்கு அருகே ஒரு சிறு ஊர். சித்தி என்பது அம்மாவின் சித்தப்பா மகள். அந்தச் சித்தப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டக் கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இரண்டு குடும்பத்துக்கும் நடுவே கடிதம் அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டது பெண்கள்தான், ஆண்கள் யாரும் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை.

ஈப்போ வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே ஏறிய உள்ளூர் பஸ்தான் சிம்மோர் தாண்டியதும் ஒரு முனகலோடு நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்தார், திரும்பி வந்தார், யாரிடமும் எதுவும் சொல்லாமல் போனில் பேச ஆரம்பித்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மழை. இங்கே அக்டோபர் மழைக்குத் தூறல் கீறல் என்ற முன்னறிவிப்பெல்லாம் கிடையாது, வானம் கறுத்த ஐந்தாவது நிமிடம் ரோடு தெரியாது. சாலையோரத்தில் ஒரு சீனக் கோப்பிக் கடை, வாசலெல்லாம் மஞ்சள் கொடி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. "பஸ் ரோசாக்கா? உள்ள வா தம்பி, சாரல்ல நிக்காதே" என்று தமிழில் கூப்பிட்டார். அவருடைய அப்பா தோட்டத்துக்குள் மளிகைக்கடை வைத்திருந்தாராம், வாடிக்கை முழுக்கத் தமிழர்கள்தான், அப்படி வந்த தமிழ். இன்றைக்குச் சீன நாட்காட்டியில் ஒன்பதாம் மாதம் முதல் தேதி, ஒன்பது பேரரசர் சாமிகளின் திருவிழா தொடங்குகிறது. ஒன்பது நாளும் சைவம். இறைச்சி, மீன், முட்டை, சாராயம் எதுவும் கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது.

"பசிக்காதா?" என்று கேட்டேன்.

"ஏன் பசிக்கும்? நல்லா சாப்பிடறேன். கோபப்படக் கூடாது, அதுதான் கஷ்டம்."

அடுப்படியிலிருந்த அவருடைய மனைவி சீனத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னவென்று கேட்டதற்கு, "போன வருஷம் ரெண்டாம் நாளே என்கூட சண்டை போட்டாருன்னு சொல்றா" என்று அவரே மொழிபெயர்த்தார்.

மீஹூன், அதாவது அரிசிச் சேமியா, பிரட்டிக் கொண்டுவந்தார்கள். மேலே சிவப்பு ஓரம் வைத்த இறைச்சித் துண்டுகள். நான் கரண்டியை வைத்துவிட்டேன். சைவம் சைவம் என்று இப்போதுதானே சொன்னார்! அவர் ஒரு துண்டை எடுத்து விரலால் பிய்த்துக் காட்டினார். கோதுமைப் பசையில் செய்ததாம். நார் நாராக, கொழுப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக, பன்றி இறைச்சியைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். வேண்டாம் என்று விட்ட ஒன்றை இவ்வளவு பாடுபட்டுத் திரும்பச் செய்வானேன் என்று தோன்றியது. ஆனாலும் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. மீஹூனுக்கு 5 வெள்ளி வாங்கிக்கொண்டார், தே ஓவுக்கு, அதாவது பாலில்லாத டீக்கு, காசு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். ஒரு வெள்ளி நம் கணக்கில் ஏறக்குறைய 20 ரூபாய்.

சித்தியின் மகன், எனக்குத் தம்பி முறை, காரை எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போனான். வீடு தாமான் என்கிற குடியிருப்பில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. சித்தி புரட்டாசி பிறந்ததிலிருந்து ஒரு பொழுது. மதியம் ஒருவேளைச் சோறு, ராத்திரிக்குப் பாலும் பழமும். எனக்கு மட்டும் தோசை. நாற்காலியில் சின்னதாக உட்கார்ந்திருந்த சித்தியின் மாமியார், 88 வயது, என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஊர்ல கருவாடு என்ன வெல தம்பி?"

அக்டோபர் 4, வெள்ளி

இங்கே காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். தெருமுனைக் கடையில் ரொட்டி சானாய் 1 வெள்ளி 80 சென், தே தாரிக் 2 வெள்ளி. பக்கத்து மேசையில் மூன்று பேர் சாம்பார் மட்டும் போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். கடைக்காரர் என் தட்டில் மீன் குழம்பை ஊற்றப் போனவர், அகப்பையை நிறுத்திவிட்டு, "புரட்டாசியா, இல்ல சும்மாவா?" என்றார். அவர் முஸ்லிம். இந்த ஒரு மாதம் யாருக்கு எதை ஊற்றுவது என்று அவருக்குத்தான் கவலை.

சித்தி வீட்டுச் சாமி மேடையில் முருகன், மாரியம்மன், பெருமாள், நவராத்திரிக்காகப் புது மாலை போட்ட துர்க்கை. இவர்களுக்குப் பக்கத்தில் காவி உடுத்திய ஒரு மொட்டைத்தலைப் பெரியவர் படம். ரிஷிகேசம் சிவானந்தர். ரிஷிகேசத்துக்கும் இந்தத் தோட்டத்து ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சித்தியின் வீட்டுக்காரர், என் சித்தப்பா, வழியாக வந்த சம்பந்தம்.

சித்தப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தவர். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது, மலேரியாவுக்கு மாத்திரை, பிரசவத்துக்கு நடுராத்திரியில் சைக்கிள். சிவானந்தரும் துறவியாவதற்கு முன்னால் இங்கே தோட்டத்து வைத்தியர்தான். 1887-இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி, 1913-இல் மலாயாவுக்கு வந்து சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார், அப்புறம் ஜொகூர் பாருவில். 1923-இல் எல்லாவற்றையும் உதறிவிட்டு இந்தியா திரும்பி, அடுத்த வருடம் ரிஷிகேசத்தில் காவி வாங்கிக்கொண்டார். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். எல்லாவற்றையும் விட்ட மனிதருக்கு 1927-இல் பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்று முதிர்ந்து பணம் வந்தது. அந்தப் பணத்தில் லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் திறந்தார். வீடு போச்சு, சம்பளம் போச்சு, பேர்கூட மாறிப்போச்சு, மருந்துப்பெட்டியை மட்டும் விடவில்லை.

"அவரு சாமியாராயிட்டாரு, நான் டிரெசராவே நின்னுட்டேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு உங்க சித்தப்பா" என்றார் சித்தி. "ஒரு நாள் நெசமாவே, எல்லாத்தையும் விட்டுட்டு ரிஷிகேசம் போறேன்னு கெளம்பினாரு. தாராளமா போங்க, பிள்ளைங்க ஸ்கூல் காசைக் கட்டிட்டுப் போங்கன்னேன். சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு உக்காந்துட்டாரு."

பத்து மணிக்கு மேல் தம்பியோடு பழைய தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் போய் எல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, ஆகிவிட்டது. நம் ஊர்த் தென்னந்தோப்பில் வெயில் கீற்று கீற்றாக விழும். இங்கே அப்படியில்லை, மட்டைகள் மேலே பின்னிக்கொண்டு உள்ளே எப்போதும் மாலை ஆறு மணி. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் மிச்சம் இருப்பது படிக்கட்டு மட்டும்தான், வீடில்லாத நான்கைந்து சிமெண்டுப் படிக்கட்டுகள் புல்லுக்குள் நிற்கின்றன. குலை வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள். ஒருவன் என்னைப் பார்த்து அழகாக "வணக்கம் பாஸ்" என்றான்.

மாரியம்மன் கோவில் மட்டும் பெயின்ட் உரியாமல் இருக்கிறது. அங்கே இருந்த ஒரு பெரியவர் இருபது வருடம் அலகுக் காவடி எடுத்தவராம். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்ததைச் சொன்னார். தரையில் படுக்கை, தனித் தட்டு, தனி டம்ளர், விடியுமுன் பச்சைத்தண்ணீர்க் குளியல். "இப்ப பசங்க மூணு நாள் சைவம் சாப்பிட்டுட்டு முதுகுல கொக்கி மாட்டிக்கிறானுங்க" என்று அலுத்துக்கொண்டார். இந்தப் புகாரை நம் ஊரில் சபரிமலை மாலைபற்றி வருடா வருடம் கேட்கிறோம், அதனால் நான் பெரிதாக அசரவில்லை. "48 நாளும் யாரு சமைச்சது?" என்று மட்டும் கேட்டேன். "சம்சாரம்தான். காலையில மூணு மணிக்கு எந்திரிச்சு, குளிச்சிட்டுத்தான் அடுப்பத் தொடுவா." அந்த அம்மா பட்ட பாட்டுக்கு என்ன பெயர் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

திரும்பும்போது சேற்றில் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு கார்வரைக்கும் நடந்தேன், தம்பி பின்னாலேயே "வேல் வேல்" என்று சொல்லிக்கொண்டு வந்தான். டவுனில் ரப்பர் சிலிப்பர் 7 வெள்ளி.

மத்தியானம் மூன்று மணிக்கு வழக்கம்போல மழை. சித்தியின் மாமியாரான பாட்டி பேச ஆரம்பித்தார். நீங்கள் விரதம் இல்லையா என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"எனக்கு ஒரு விரதமும் கெடையாது" என்றார் பாட்டி, ஏதோ வரி பாக்கி இல்லை என்று சொல்கிற தோரணையில்.

பாட்டி பிறந்தது 1936-இல், இதே பக்கத்துத் தோட்டத்தில். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. அரிசி கண்ணில் படாது, மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் அவசரகாலம். 1948 ஜூன் 16-ஆம் தேதி வெள்ளைக்காரத் துரைகள் மூன்று பேரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றது இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில்தான், அதிலிருந்துதான் நாடு முழுக்க அவசரகாலம் வந்தது, 1960 வரைக்கும் நீடித்தது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று பல இடங்களில் உணவுக் கட்டுப்பாடு. வேலைக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டு போக முடியாது, கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள்.

"விடியாம பெரட்டு, பேரு கூப்பிடுவான். வயித்துல வரக்கோப்பி, அவ்வளவுதான். கட்டியிருந்தா புடுங்கிருவான். மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோருல ஊத்திட்டு வீடு வர மத்தியானம் ஆயிரும். கண்ணு இருட்டிக்கிட்டு வரும், வாளி சாயக் கூடாது." பாட்டி கையை வாளி பிடித்த மாதிரியே வைத்துக்கொண்டு சொன்னார், அந்த விரல்கள் இன்னும் முழுசாக நிமிரவில்லை. "இதுங்க ஒரு மாசம் மீன் வேணாங்குதுங்க. வேணாங்கறதுக்கு மொதல்ல மீன் இருக்கணும்ல? நான் சின்னதுலயே எல்லாத்தையும் இருந்து முடிச்சிட்டேன். கணக்கு தீந்துச்சு."

சித்தி பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்டோபர் 5, சனி

புரட்டாசி மூன்றாம் சனி. ஐந்தரைக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது, காரணம் வாசனை. புரட்டாசிச் சனிக்கிழமை விடியற்காலையில், பெருமாளுக்குத் தளிகை போடுகிற வீட்டில், நெத்திலி வறுபடுகிற வாசனை!

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வெளியே, துணி துவைக்கிற கல் பக்கத்தில், ஒற்றை கேஸ் அடுப்பு. தம்பியின் மனைவி நைட்டியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாட்டிக்கு நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார். காய்ந்த மிளகாய், பெரிய வெங்காயம், கொஞ்சம் புளித்தண்ணீர். அதை ஒரு மூடி போட்ட டப்பாவில் எடுத்து, பாட்டியின் அறை ஜன்னலில் வைத்தார். அந்தச் சட்டியைத் தனியாகத் துலக்கி, தனியாக ஒரு வாளிக்குள் கவிழ்த்தார். கல்லைக் கழுவினார். அப்புறம் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் கோலம், அதற்கப்புறம் உள்ளே பெரிய அடுப்பு. எனக்கு ஒரு கோப்பி ஓ நீட்டியபோது மணி ஏழுகூட ஆகவில்லை. "தினமுமா?" என்றேன். "இந்த மாசம் முழுக்க. பாட்டிக்குக் கவுச்சி இல்லாம சோறு எறங்காது மாமா" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

எட்டு மணிக்குச் சித்தி மஞ்சள் சேலையில் வந்தார். கையில் பித்தளைச் சொம்பு, அதில் நாமம், கழுத்தைச் சுற்றித் துளசி மாலை. மடிப்பிச்சை. எங்கள் ஊரிலும் புரட்டாசிச் சனியன்று சின்னப் பிள்ளைகள் நாமம் போட்டுக்கொண்டு "கோவிந்தா" சொல்லி வீடு வீடாக அரிசி வாங்கும், ஆனால் எழுபது வயதுச் சித்தி போவார் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே பத்துக் கிலோ அரிசி மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது. ஆனாலும் இன்றைக்குப் பொங்குகிற சோற்றில் பிச்சை வாங்கிய அரிசி விழுந்தாக வேண்டுமாம். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார்.

முதல் வீடு ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வாசலுக்கு வந்து, காலில் தண்ணீர் ஊற்றி, விழுந்து கும்பிட்டு, ஒரு படி அரிசி போட்டார். பிச்சை போடுகிறவரே வாங்குகிறவர் காலில் விழுகிற வழக்கம் நம்மிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது ஒரு சீன ஆண்டி. வருடா வருடம் வருவதால் அவருக்குத் தெரியும், ஒரு கப் அரிசியை ரெடியாகவே வைத்திருந்தார், இரண்டு கையாலும் பிடித்து நிதானமாகச் சாய்த்தார், ஒரு மணி வெளியே சிந்தவில்லை.

மூன்றாவது வீட்டு வாசலில் சித்தி கொஞ்சம் தயங்கினார். அந்த வீட்டோடு ஆறேழு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை, தம்பி அவர்கள் கேட்டை மறைத்துக் காரை நிறுத்துகிறான் என்று தகராறு. வேறு வீட்டுக்குப் போவோமே என்றேன். "இந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கேன், மத்தது ரெண்டும் சும்மா" என்றார் மெதுவாக. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்டுக்கு முன்னால் சொம்பை நீட்டி, "கோவிந்தா" என்றார். குரல் கொஞ்சம் கம்மியது. யாரும் வரவில்லை. இன்னொரு தடவை. உள்ளே டிவி ஓடுவது கேட்கிறது, திரைச்சீலை அசைந்தது. எனக்குத்தான் போய்விடலாம் போலிருந்தது, முகமெல்லாம் சூடு. சித்தி நகரவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டதும் அந்த வீட்டு அம்மா வந்தார், முகத்தில் சிரிப்பில்லை, கை நிறைய அரிசி. போட்டார். சித்தி கண்ணை மூடிக் கும்பிட்டார். திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து, "காரை மட்டும் கொஞ்சம் தள்ளி விடச் சொல்லுங்க" என்று வந்தது.

இந்த ஒரு மாதத்தில் சித்தி விட்டது என்று பார்த்தால் மீன், கோழி, ராத்திரிச் சோறு. அதெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. அந்த கேட்டுக்கு வெளியே நின்ற இரண்டு நிமிடம்தான் கஷ்டம், அதைப் பக்கத்தில் நின்று நானே பார்த்தேன்.

எங்கள் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்று ஓர் இடம். பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு குகை, உள்ளே சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கைகள். வழவழவென்று தேய்த்து, தலைக்கு ஒரு மேடு வைத்துச் செதுக்கியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப் போனபோது, மெத்தையை வெறுத்துக் கல்லில் படுத்தார்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதில் ஒரு படுக்கையில் தமிழ்ப் பிராமியில் எழுத்து இருக்கிறது. படுத்த முனிவரின் பெயரோடு நிற்காமல், சிறுபோசில் இளயர் என்று அதைச் செய்து கொடுத்தவர் பெயரையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். கல்லில் படுப்பதென்றாலும் அந்தக் கல்லை ஒருவர் செதுக்கித் தர வேண்டியிருந்திருக்கிறது. சித்தார்த்தர் உருவேலாவில் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோதும் சுஜாதை என்ற பெண் பால்சோறு கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது. வள்ளுவர் தவம் அதிகாரத்திலேயே இதைப் போட்டு உடைத்துவிட்டார்:

துறந்தார்க்குத் துப்புரவு வேண்டி மறந்தார்கொல்
மற்றை யவர்கள் தவம்

துறந்தவர்களுக்குச் சோறு தண்ணீர் பார்க்க வேண்டுமே என்றுதான் மற்றவர்கள் தவம் செய்ய மறந்துபோனார்களோ என்று கேட்கிறார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த காலத்தில் இது ஏதோ துறவிகளைப் புகழ்கிற குறள் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இன்றைக்குப் பின்பக்கத்துக் கேஸ் அடுப்பைப் பார்த்த பிறகு, வள்ளுவர் சமையல்கட்டுப் பக்கம் நின்றுதான் இதைச் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. எந்த விரதமும் எனக்கு மரியாதையாகத் தெரிவது, அதை யார் முதுகு தாங்குகிறது என்று விரதக்காரருக்குத் தெரிந்திருக்கும்போதுதான். சித்திக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் வருடத்துக்கு ஒரு முறை சொம்பைத் தூக்கிக்கொண்டு, இது என் அரிசி இல்லை என்று தெருவறிய நிற்கிறார்.

சாப்பாடு ஒன்றரை மணிக்கு. காக்கைக்கு வைத்து, பெருமாளுக்குக் காட்டி, தலைவாழை இலை. சாம்பார், ரசம், வடை, சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, அவரைக்காய், பயற்றங்காய், அப்பளம். இலையின் வலது மூலையில் கறுப்பாக, எண்ணெய் மினுங்க, கறிவேப்பிலையும் பட்டையும் மணக்க ஆட்டுக்கறிப் பிரட்டல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சைவ ஆட்டுக்கறியாம், சோயாவில் செய்து பாக்கெட்டில் உறையவைத்து விற்கிறார்கள், அரைக் கிலோ 11 வெள்ளி, புரட்டாசியில் கடைகளில் இதற்கு ஆளாய்ப் பறப்பார்களாம். கடித்தால் நரம்புகூட இருக்கிறது.

இதில் எனக்கும் தம்பிக்கும் பெரிய வாக்குவாதம். நாக்கை அடக்கத்தானே விரதம், நாக்குக்கு அதே ருசியைக் கொடுத்தால் விட்டது என்ன என்பது என் கட்சி. "ஆடு சாகலைல்ல? அப்புறம் என்ன?" என்பது அவன் கட்சி. உயிர் போகாமல் இருப்பதற்காகச் சைவம் என்றால் அவன் சொல்வது சரிதான், பதில் சொல்ல முடியாது. ஆசையை விடுவதற்காக என்றால் நான் சொல்வது. வள்ளுவரைக் கேட்டால் அவரும் இரண்டு பக்கமும் பேசுவார், தவத்துக்கு வடிவமே தன் துன்பத்தைப் பொறுப்பதும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாததும் என்று இரண்டையும் ஒரே குறளில் சேர்த்துவிட்டார். சித்தி இதில் தலையிடாமல் பிச்சை அரிசிச் சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கறி அவர் இலையில் இல்லை, ஏன் என்று கேட்டதற்கு, "பல்லுக்கு ஆகல" என்றார்.

உள்ளறையில் பாட்டி டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கோவிலில் நவராத்திரி பூஜை, உபயக்காரர்கள் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் கப்பில் கரண்டி போட்டுத் தருகிறார்கள், அது மட்டும்தான் எனக்கு ஒட்டவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் தம்பியின் மனைவியிடம், உங்களுக்கு வேண்டுதல், விரதம் என்று எதுவும் கிடையாதா என்று கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். "எனக்கா? ஒரு நாளைக்கு அடுப்புப் பத்த வைக்கக் கூடாது. வேண்டுதல்னா அதுதான்."

இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்த தம்பி, சரி, இன்றைக்கு எல்லோரும் வெளியே சாப்பிடுவோம் என்று அறிவித்தான். நறுக்கிய வெண்டைக்காய் அப்படியே பிரிட்ஜுக்குப் போனது. சித்திக்குப் பெரிய விருப்பம் இல்லை, வெளிச்சாப்பாட்டில் என்ன கலப்பார்களோ என்று முணுமுணுத்தார், ஆனால் மருமகள் ஏற்கனவே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, தானும் கைப்பையை எடுத்தார்.

வாழையிலைச் சைவக் கடை ஒன்றில் ஞாயிறு விடுமுறை, இன்னொன்றில் தெருவரைக்கும் வரிசை. பாட்டியை அவ்வளவு நேரம் நிற்கவைக்க முடியாது. கடைசியில் மஞ்சள் கொடி போட்ட சீனச் சைவக் கடைதான். வெங்காயம் பூண்டுகூட இல்லை என்றதும் சித்திக்குத் திருப்தி. நேராகப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும், வேண்டியதைக் கரண்டியால் எடுத்துக்கொண்டால் கண்ணால் பார்த்தே விலை சொல்கிறார்கள், எப்படி என்று கடைசிவரைக்கும் பிடிபடவில்லை. என் தட்டு 7 வெள்ளி 50 சென், அதே அளவு எடுத்த தம்பிக்கு 9 வெள்ளி. கீரை விலை இந்த ஒன்பது நாளில் ஏறிவிடும் என்று பக்கத்தில் ஒரு சீனர் எங்களிடம் குறைபட்டுக்கொண்டார், ஊரே சைவமானால் காய்க்காரனுக்குத்தான் திருவிழா என்றார்.

தம்பியின் மனைவி எதையும் யாருக்கும் பரிமாறவில்லை. தன் தட்டை முதலில் நிரப்பிக்கொண்டு, சுவரோரம் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். நடுவில் தம்பி தண்ணீர் எங்கே என்றான். அங்கே இருக்கு, எடுத்துக்குங்க என்று கையைக் காட்டினார். சாப்பிட்டு முடித்ததும் ஐஸ் காச்சாங் ஒன்று, சோளமும் சிவப்பு அவரையும் கூடப் போடச் சொல்லி. அதையும் பாதி தின்றுவிட்டு, இன்னொன்று சொல்லலாமா என்று தனக்குத்தானே யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஈப்போவில் மூன்றரை மணி பஸ், வெளியே வானம் கறுக்க ஆரம்பித்திருந்தது, தம்பி காரை எடுக்கவா என்று கண்ணால் கேட்டான். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று யாராவது சொல்வார்களா என்று பார்த்தேன், சித்திதான் சொன்னார்: "அவ சாப்பிடட்டும்டா. பஸ்ஸு போனா இன்னொரு பஸ்ஸு."

பாட்டிதான் பிரச்சனை செய்தார். வழியெல்லாம் மீன் மீன் என்று சொல்லிக்கொண்டு வந்தவருக்கு, பொரித்த மீனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது, துண்டு பெரிதாக, தோல் மொறுமொறுவென்று. சோயாத்தோலைச் சுருட்டி, கடற்பாசியைத் தோல் மாதிரி ஒட்டிப் பொரித்தது என்று சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. பாட்டி ஒரு வாய் தின்றார். இரண்டாவது வாயை விரலால் பிய்த்துப் பிய்த்து, முள் தேடினார். தட்டைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, இது எவ்வளவு என்று கேட்டார். தம்பி விலையைச் சொன்னான்.

"முள்ளு இல்லாத மீனுக்கு எட்டு வெள்ளியா?" என்றார் பாட்டி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.